படியும் வேண்டாம், சறுக்கும் வேண்டாம்

வாடகை வீடு,
திங்கட்கிழமை மாலை.

என் வீட்டுக்காரருக்கு அன்புடன் எழுதிக்கொள்வது.

நானும் மகளும் இருக்கிறோம். நலமா என்று உங்களைக் கேட்டால் கோபம் வரும், அதனால் கேட்கவில்லை. சாப்பிடுகிறீர்களா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். போன் செய்தால் 'ம்', 'சரி', 'வச்சிடறேன்' என்பதற்கு மேல் உங்களிடமிருந்து ஒரு வார்த்தை பெயர்வதில்லை. கடிதத்தின் நடுவில் 'வச்சிடறேன்' சொல்ல முடியாதல்லவா, அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் வீடு எந்த மட்டில் இருக்கிறது என்று சொல்கிறேன். உள்பூச்சு முடிந்தது. மாடியில் நீங்கள் கேட்ட பட்டறை அறையை நிறுத்திவிட்டேன். ஏற்கெனவே போட்ட உள்படிக்கட்டு மட்டும் மொட்டைமாடிக்குப் போகிறது, துணி காயப்போட உதவும். விபத்துக்கு முன்னால் போட்ட பிளானையும் இப்போது கட்டுவதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி கூட இல்லை, ஒன்றுவிட்ட சொந்தம் மாதிரி இருக்கிறது. என்ன செய்ய. நீங்கள் திரும்பி வந்து உட்கார்ந்தபடியே வாழ வேண்டிய வீடு. டாக்டர் நம் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துத்தான் சொன்னார், இனி கால் வராது என்று. அன்று நீங்கள் அழவில்லை. எனக்கு இன்னும் அதுதான் பயமாக இருக்கிறது.

மேஸ்திரிக்கு நீங்கள் வைத்த 'ஆகட்டும்' என்ற பெயர் அச்சாகப் பொருந்துகிறது. எதைச் சொன்னாலும் 'ஆகட்டும்மா' என்கிறார், பிறகு தன் கை போன போக்கில் கட்டிவிடுகிறார். குளியலறைத் தரையை ஒரு படி இறக்கக் கூடாது, ஹாலோடு ஒரே மட்டமாக இருக்கட்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஆகட்டும் என்றார். மறுநாள் போய்ப் பார்த்தால் இறக்கியிருந்தார். கேட்டதற்கு, 'கை அப்படியே பழகிப் போச்சும்மா, நான் நினைக்கல, கை நினைச்சிடுச்சு' என்கிறார். மறுபடி கொட்டி உயர்த்தினோம்.

தச்சர் இன்னொரு ரகம். எல்லாக் கதவு நிலைக்கும் கீழ்க்கட்டை வேண்டாம், சக்கரம் தடுக்கும் என்றேன். 'மூணு பக்கம் இருந்தா அது நிலை இல்லம்மா, கோல் போஸ்ட்' என்றார். இருந்துவிட்டுப் போகட்டும், வாலு பந்து விளையாடட்டும் என்றேன். பள்ளிக்கூடத்தில் கூட இப்போது நம் மகளை வாலு என்றுதான் கூப்பிடுகிறார்களாம், எல்லாம் நீங்கள் ஆரம்பித்து வைத்தது.

ஒரு வேடிக்கை செய்தேன். எங்கள் அச்சகத்தில் நான் உட்காரும் சக்கரம் வைத்த நாற்காலியை முதலாளியிடம் கேட்டு, உங்கள் தம்பி வண்டியில் போட்டுக்கொண்டு போனேன். அதில் உட்கார்ந்து காலைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கத் தள்ளச் சொன்னேன். சித்தாள் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்த உயரத்திலிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, ஜன்னலில் வானம் மட்டும்தான் தெரிகிறது, தெரு தெரியவில்லை. ஜன்னலை எல்லாம் கீழே இறக்கச் சொல்லிவிட்டேன். சுவிட்சுகளும் இறங்கிவிட்டன. வாலுவுக்கு எட்டுகிறது, நாளெல்லாம் போட்டு அணைக்கப் போகிறாள்.

பெரிய தலைவலி வாசல்தான். அஸ்திவாரம் போடும்போதே தரையை இவ்வளவு உயர்த்த வேண்டாம் என்றேன், நினைவிருக்கிறதா? எதிர்வீட்டுத் தரையைவிட நம் தரை ஒரு முழமாவது உயர்ந்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றீர்கள். 'மனுஷன் தன் வீட்டுக்கு ஏறித்தான் போகணும், இறங்கிப் போகக் கூடாது' என்று வசனம் வேறு. லிப்ட் மெக்கானிக்குக்குக் கீழே இருக்கத் தெரியுமா? ஊரையே ஏற்றி இறக்கினவர். இப்போது மூன்றடி உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது வாசல். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் சரிவு வேண்டும், இல்லாவிட்டால் கையால் தள்ளிக்கொண்டு தனியாக ஏற முடியாது என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த படத்தில் இருக்கிறது. முன்வாசலிலிருந்து அப்படி இறக்கினால் அது தெருவைத் தாண்டி எதிர்வீட்டு ஹாலில் போய்த்தான் முடியும்.

அதனால் பக்கச் சந்தில், மதிலை ஒட்டியே நீளமாக ஏற்றி, பின்னால் சமையலறைக் கதவில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். மேஸ்திரி அதைச் சறுக்கு என்கிறார். மதிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நாற்காலியோடு நானே ஏறிப் பார்த்தேன், மூச்சு வாங்கவில்லை. ராஜா இனி பின்வாசல் வழியாகத்தான் வருவார். ஒரு லாபம், அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று உங்களுக்குத்தான் முதலில் தெரியும்.

முன்வாசலில் ஐந்து படி போட இடம் விட்டிருக்கிறேன், வருகிறவர்களுக்கு. அது பிறகு.

ஆஸ்பத்திரியிலிருந்து எப்போது அனுப்புவார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள். பயிற்சியைத் தட்டாதீர்கள். பதில் நீளமாக வேண்டாம், இரண்டு வரி போதும்.

உங்கள் வரவை எதிர்பார்த்து,
உங்கள் மனைவி.


வாடகை வீடு,
வெள்ளிக்கிழமை.

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

வாலுவுக்குக் காய்ச்சல், ஒரு வாரமாகக் கட்டுமானத்துப் பக்கம் போக முடியவில்லை. இன்று போனேன். சந்தில் சறுக்கு இல்லை. கடப்பாரை போட்டு உடைத்து, துண்டு துண்டாக மதிலோரம் குவித்து வைத்திருக்கிறார்கள். முன்வாசலில் புத்தம் புதிதாக ஐந்து படி, ஈரச் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறது.

மேஸ்திரியை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். சித்தாள்கள் முன்னால் பேசினேன். உங்க வீடா எங்க வீடா, யாரைக் கேட்டு உடைச்சீங்க என்று கத்தினேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறிக் கட்டினார், மறுபடி அவிழ்த்து உதறினார். கடைசியில், 'சார்தாம்மா போன் பண்ணினாரு. சறுக்கை எடுத்துட்டு முன்னாடி படியைக் கட்டச் சொன்னாரு. ஆகட்டும்னேன்' என்றார்.

எனக்கு ஒரு போன் போட விரல் வராத உங்களுக்கு மேஸ்திரி நம்பர் மனப்பாடமாக இருந்திருக்கிறது. நான் யார் அந்த வீட்டுக்கு? கலவை போடுகிறவளா? மணல் லாரிக்காரனோடும் தச்சரோடும் மல்லுக்கட்டி, முதலாளியிடம் நாற்காலி இரவல் வாங்கி, நாலு பேர் சிரிக்க அதில் உட்கார்ந்து கட்டினேன். கட்டிப் பார் கட்டிப் பார் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கட்டினதைப் புருஷன் ஆள் விட்டு இடிப்பான், அதையும் பார் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

இதற்கு மேல் எழுதினால் தப்பாக ஏதாவது வந்துவிடும்.

இப்படிக்கு
நான்.


வாடகை வீடு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ளவருக்கு,

வெள்ளிக்கிழமைக் கடிதம் முதலில் வந்து சேர்ந்திருக்கும். அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். கோபத்தில் கை எழுதிவிட்டது. மேஸ்திரி மாதிரி நானும் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான், நான் நினைக்கவில்லை, கை நினைத்துவிட்டது.

கோபம் இறங்கின பிறகு யோசித்தேன். படி கட்டச் சொன்ன மனுஷன் ஏறத்தானே சொல்லியிருப்பார்? இந்தப் புத்தி எனக்கு முதலிலேயே வந்திருக்கக் கூடாதா? அங்கே ஏதாவது மாறியிருக்கிறதா? கால்விரல் அசைந்ததா? டாக்டர் சொன்னதற்கு மேல் ஏதாவது நடந்து, நேரில் வந்து காட்டலாம் என்று என்னிடம் மறைக்கிறீர்களா? உங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. பதவி உயர்வு வந்ததைக் கூட ஒரு மாதம் வைத்திருந்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்துதானே சொன்னீர்கள்.

நேற்று வாலுவைக் கூட்டிக்கொண்டு போய்ப் படியைக் காட்டினேன். 'அப்பா இதுல ஏறி வருவாரா?' என்றாள். வருவார் என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ. அவள் ஈரம் காயாத படியில் உட்காராமல், பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துகொண்டு, ஏறி வரும்போது யார் கையைப் பிடித்துக்கொள்வீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு கை அவளுக்கு, ஒரு கை எனக்கு என்று பங்கு பிரித்த பிறகுதான் எழுந்து வந்தாள்.

வெல்டரிடம் சொல்லிப் படிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி போடச் சொல்லியிருக்கிறேன். உங்கள் பிடிக்குத் தோதான கனத்தில். மேஸ்திரியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர், 'விடுங்கம்மா' என்று சொல்லிவிட்டு எங்கேயோ பார்த்தார். முகம் ஏன் அப்படி வாடியிருந்தது என்று தெரியவில்லை, நான் பேசின பேச்சு அப்படி.

வாடகை வீட்டுக்காரர் இந்த மாதக் கடைசியில் வீடு வேண்டும் என்கிறார், அவர் பெண் பிரசவத்துக்கு வருகிறாளாம். நல்லதாகப் போயிற்று, நாமும் நம் வீட்டுக்குப் போகும் நேரம்தான்.

பதில் எழுதுங்கள். பதில் வேண்டாம், விரல் அசைந்தது என்று ஒரே ஒரு வரி. அசையவில்லை என்றாலும் பரவாயில்லை, முயற்சி செய்கிறேன் என்று ஒரு வரி. அதுவே எனக்கு மலையளவு.

ஆசையோடு,
உங்கள் மனைவி.


கட்டுமான இடம்,
புதன்கிழமை.

அன்புள்ளவருக்கு,

பத்து நாளாயிற்று, உங்களிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. மேலே முகவரி மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் வார்டு சிஸ்டர் போன் செய்தார். நான்தான் கேட்டுக் கேட்டுத் தொல்லை செய்திருந்தேன். கால் அப்படியேதான் இருக்கிறதாம். விரலும் இல்லை, ஒன்றும் இல்லை. அது பரவாயில்லை, அது எனக்குத் தெரிந்ததுதான், நடுவில் நானாகக் கட்டின மனக்கோட்டை தானாக இடிந்தது. ஆனால் நாற்காலிப் பயிற்சிக்கு நீங்கள் போவதே இல்லை, சாப்பாட்டுத் தட்டு பாதி பாதியாகத் திரும்புகிறது, வீட்டுக்கு அனுப்பத் தயார் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டும் நாளைத் தள்ளிக்கொண்டே போகிறீர்கள் என்றார். அதற்கும் மேலே ஒன்று சொன்னார். ஆள் துணை இல்லாதவர்களைக் கடைசிவரை வைத்துக்கொள்ளும் விடுதி ஒன்று அங்கே இருக்கிறதாம். அதில் இடம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்களாம்.

ஆள் துணை இல்லாதவரா நீங்கள்? நாங்கள் செத்தா போனோம்?

போனை வைத்துவிட்டு நேராக மேஸ்திரியிடம் போனேன். அன்றைக்கு சார் என்ன சொன்னார், ஒரு வார்த்தை விடாமல் சொல்லுங்கள் என்றேன். அவர் மணல் சலித்துக்கொண்டிருந்த பெண்ணை அப்பால் போகச் சொன்னார். 'சொல்லக் கூடாதுன்னாருங்க, ஆகட்டும்னுட்டேன்' என்றார். நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நீங்கள் சொன்னதை உங்களுக்கே எழுத எனக்கு வாய்த்திருக்கிறது பாருங்கள்.

'அது நான் வரப்போற வீடு இல்ல மேஸ்திரி. அவங்க ரெண்டு பேரும் ஏறி இறங்கப் படி போதும். சந்துல சறுக்கு கிடந்தா வர்றவன் போறவன் எல்லாம் யாருக்குன்னு கேப்பான். பின்பக்கமாத் தள்ளிக்கிட்டுப் போக நான் என்ன சாமானா?'

படி உங்களுக்கு இல்லை. எங்களுக்கு. நான் கைப்பிடிக் கம்பியின் கனத்தை உங்கள் உள்ளங்கையை நினைத்து நினைத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த மனுஷனுக்கு இது தெரியும். அதனால்தான் முகம் வாடியிருக்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, மற்றதும் ஓடவில்லை. பார்த்தீர்களா, ஒரு சாதாரணப் பேச்சை முழுதாக எழுத முடியவில்லை, எல்லாவற்றிலும் கால் வந்து நிற்கிறது.

பின்வாசல் என்று நான் வேடிக்கையாக எழுதினது உங்களை அப்படிக் குத்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உங்கள் மனதில் இருந்ததை நான் பார்க்கவில்லை, சரிவின் நீளத்தைத்தான் பார்த்தேன். நீங்கள் தனியாக, யாரையும் கூப்பிடாமல், நினைத்த நேரத்தில் வெளியே போய் நினைத்த நேரத்தில் உள்ளே வர வேண்டும் என்று மட்டும் பார்த்தேன். பின்வாசல் வழியாகத்தான் நானும் தினமும் புழங்கப் போகிறேன். குப்பை கொட்ட, பாத்திரம் கழுவ, துணி துவைக்க, கூட்டிப் பெருக்க. நான் சாமானா? ஒரு வேளை சாமான்தானோ என்னவோ, யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

உங்கள் தம்பி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். 'எதுக்கு அண்ணி இவ்வளவு யோசனை, நாலு பேர் தூக்கினா ஆச்சு' என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. வாயில் அடித்துக்கொண்டார், உட்கார்ந்து அழுதார். அவரைத் தேற்றி அனுப்பினேன். என்னைத் தேற்ற ஆளில்லை, சிஸ்டர் நல்லவர், ஆனால் போனில் எவ்வளவு தேற்றுவார்.

பிறகு மேஸ்திரியிடம் அந்தப் படியை உடைக்கச் சொன்னேன்.

முதல் முறையாக அவர் ஆகட்டும் என்று சொல்லவில்லை. 'வேண்டாம்மா, நல்லா இறுகின படி, உடைச்சா நிலை அதிரும்' என்றார். நான் கடப்பாரையை எடுக்கப் போனேன், எனக்கு அதைத் தூக்கக் கூட வரவில்லை. அவர் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஒரு பகல் முழுக்க உடைத்தார்கள். கைப்பிடிக் கம்பியை வெல்டரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். சந்தில் ஒரு குவியல், முன்னால் ஒரு குவியல். வீடு மேலே நிற்கிறது. வாசல் அந்தரத்தில் இருக்கிறது. பூச்சுக்காரர்கள் ஏற வைத்திருந்த பலகையையும் எடுத்துவிடச் சொன்னேன். இப்போது அந்த வீட்டுக்குள் போக யாருக்கும் வழி இல்லை, உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. எதிர்வீட்டம்மா வந்து பார்த்துவிட்டு, புத்தி கித்தி பேதலித்துவிட்டதா என்று கேட்காமல் கேட்டுவிட்டுப் போனார். இருக்கலாம்.

வாடகை வீட்டுக்காரரைக் காக்க வைக்க முடியவில்லை, பெண் வந்துவிட்டாள். சாமான்களை உங்கள் தம்பி வீட்டில் போட்டுவிட்டேன். நம் மனைக்கட்டின் மூலையில் சிமெண்ட் மூட்டை அடுக்க ஒரு தகரக் கொட்டகை போட்டார்களே, மூட்டை எல்லாம் தீர்ந்துவிட்டது, அதைக் கழுவி நானும் வாலுவும் அதில் இருக்கிறோம். பகலில் சூடு. உங்கள் தம்பி கூப்பிடுகிறார், போகவில்லை. வாலு ஒன்றும் கேட்கவில்லை. பங்கு பிரித்த கையைப் பற்றியும் கேட்கவில்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

இதில் பிடிவாதம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பத்து வருஷம் உங்களோடு இருந்தவளுக்கு அது இல்லாமல் போகுமா. மிரட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். மிரட்டினால் வருவீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் வர மாட்டீர்கள் என்றுதான் காலையில் எழுந்ததும் தோன்றுகிறது. அப்படித் தோன்றினாலும், நீங்கள் இல்லாத வீட்டில் உங்கள் படியில் ஏறிப் போய், உங்களுக்காக இறக்கின ஜன்னலைக் குனிந்து குனிந்து திறந்துகொண்டு என்னால் வாழ முடியாது. வீடு வேண்டாமென்றால் வேண்டாம், விற்றுவிடலாம், விட்டுவிடலாம். எங்களை வேண்டாமென்று மேஸ்திரியிடம் சொல்லி அனுப்பாதீர்கள். அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்ல உங்களுக்குத் தைரியம் இருக்கிறதா?

சறுக்கா, படியா, முன்னாலா, பின்னாலா, நீங்கள் வந்து பார்த்து, நீங்களே மேஸ்திரியிடம் சொல்லுங்கள். அவர் ஆகட்டும் என்பார். முன்வாசலிலேயே சறுக்கு வேண்டுமென்றால் மதிலை இடித்து வளைத்து வளைத்துக் கட்டச் சொல்கிறேன், தெருவே பார்க்கட்டும். அதுவரை அது அப்படியே கிடக்கட்டும்.

அச்சகத்து நாற்காலியை இன்னும் திருப்பித் தரவில்லை. நேற்று அதில் உட்கார்ந்து வாலுவைத் தள்ளச் சொன்னேன். தெருவிலிருந்து மனைக்கட்டுக்குள் வந்து, கொட்டகைக்குள் கடைசிச் சுவர்வரை ஒரே மட்டம், எங்கேயும் தடுக்கவில்லை. இதற்குப் படி இல்லை. முன்வாசல் பின்வாசல் என்று இரண்டும் இல்லை, இருப்பது ஒரே வழிதான். மூன்று பேர் படுக்க இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன்.

கடவுள் உங்களுக்கு நல்ல புத்தியும் எனக்கு இன்னும் கொஞ்சம் பொறுமையும் கொடுக்கட்டும். வந்துவிடுங்கள்.

கீழே காத்திருக்கும்
உங்கள் மனைவியும் மகளும்.